பாட்டுக்கும் ஒரு பருவம் உண்டு

இன்ன பொழுதுக்கு இன்ன பண் என்று வகுத்து, அவ்வகுப்பை இலக்கணமாகவே எழுதிவைத்தவர் தமிழர். நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, அவ்வந் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணப் புகுந்த தொல்காப்பியர், தெய்வத்தையும் உணவையும் மரத்தையும் புள்ளையும் கூறியதோடு அமையாமல் பறையையும் யாழையும் அவற்றோடு சேர்த்தே எண்ணினார். முல்லைக்குக் கார்காலமும் மாலைப்பொழுதும் உரியவானாற்போல அதற்கென ஒரு யாழும் உரியதாயிற்று. இரங்கலுக்குரிய நெய்தலில் செவ்வழிப் பண் ஒலித்தது. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பகுத்துப் போற்றும் சம்பிரதாயம் ஓதுவார்களிடம் இன்றும் உண்டு. மார்கழி பிறந்தால் ஆண்டாளின் திருப்பாவை முப்பதும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இருபதும் வைகறையில் எழுகின்றன. திருமலையில் ஆண்டு முழுவதும் ஒலிக்கும் சுப்ரபாதமும் அம்மாதத்தில் ஒதுங்கி நின்று திருப்பாவைக்கு இடம் விடுகிறது. பருவம் பாட்டைத் தேர்ந்தெடுக்க, அப்பாட்டு மக்களின் மனத்தைப் பருவத்துக்கேற்பப் பக்குவப்படுத்துகிறது என்னும் உண்மை இந்நாட்டின் காதுக்குப் புதிதன்று.

இத்தகைய செவிச்செல்வம் உடைய மக்களிடையே, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் கத்தோலிக்க சமயம் வேரூன்றி நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அச்சமயத்தின் வழிபாட்டு ஆண்டும், திணையைப் போலவே, காலத்துக்கு ஒரு நிறமும் காலத்துக்கு ஒரு சுரமும் வகுத்துக்கொண்ட ஒன்று. நிறத்தை நாம் தவறாமல் காத்து வருகிறோம். தவக்காலத்தில் ஊதா உடையை மறந்து வெள்ளை உடுத்திப் பீடமேறும் குருவானவரைக் காண்பது அரிது. சுரத்தையோ நாம் காற்றில் விட்டுவிட்டோம். எந்த ஞாயிற்றில் எந்தப் பாட்டு என்பதைப் பாடகர் குழுவின் பழக்கமும், முதல்நாள் இரவில் கைக்கு அகப்பட்ட புத்தகத்தின் பக்கமும் தீர்மானிக்கும் நிலை நம் பங்குகள் பலவற்றில் நிலவுகிறது. இது இசைப்பிரியர்களின் சிறு மனக்குறை என்று ஒதுக்கத்தக்கதன்று. மக்களின் விசுவாசத்தைத் தொடும் காரியம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

கத்தோலிக்கரல்லாத வாசகர்களின் பொருட்டு அவ்வாண்டின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவது உசிதம். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே வரும் ஞாயிறன்று, எதிர்பார்ப்பின் பருவமாகிய திருவருகைக் காலத்தோடு ஆண்டு பிறக்கிறது. டிசம்பர் 25இல் தொடங்கும் கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீடிக்கிறது. சில வாரப் பொதுக்காலத்துக்குப் பின், நம் முன்னோர் விபூதிப் புதன் என்றழைத்த நாளில் தவக்காலம் தொடங்குகிறது. பெரிய வியாழன் மாலை முதல் உயிர்ப்பு ஞாயிறு மாலை வரையுள்ள முப்பெரும் நாட்களே ஆண்டின் சிகரம். உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவியார் பெருவிழா வரை ஐம்பது நாட்கள் பாஸ்கா காலம். அதன்பின் மீண்டும் பொதுக்காலம் தொடர்ந்து, கிறிஸ்து அரசர் பெருவிழா வாரத்தோடு ஆண்டு முற்றுப்பெறுகிறது.

இவ்வாண்டின் சங்கீத ஞானம் முதன்மையாக எதில் விளங்குகிறது என்று ஆராய்ந்தால், பாடுவதைக் காட்டிலும் பாடாமல் காத்திருப்பதில் விளங்குகிறது என்பது தெரியவரும். திருவருகைக் கால ஞாயிறுகளில் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர் பாடியதாக லூக்கா எழுதிய அப்புகழ்ச்சியை, அவர்கள் பாடிய அந்த இரவு வரும்வரை திருச்சபை நாவில் அடக்கி வைத்திருக்கிறது. விபூதிப் புதனன்று அல்லேலூயா மௌனமாகிறது. நாற்பது நாள் மௌனத்துக்குப் பின், உயிர்ப்பு ஞாயிறு பிறக்கும் பாஸ்கா திருவிழிப்பு இரவில் குருவானவர் அதை மும்முறை, ஒவ்வொரு முறையும் சுருதியை ஒரு படி உயர்த்தி எடுத்துக்கொடுக்கிறார். பெரிய வியாழன் மாலை வானவர் கீதத்தின்போது முழங்கும் மணிகள் அதன்பின் திருவிழிப்பு வரை வாய் திறப்பதில்லை. தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலைத் தாங்கும் அளவுக்கே ஒலிக்கவேண்டும் என்பதும், நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் அதற்கு விலக்கு என்பதும் திருப்பலி நூலின் பொதுப்படிப்பினை கூறும் ஒழுங்கு. திருவருகைக் காலத்திலும் கருவிகளை மிதமாகவே வாசிக்கவேண்டும், பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே வெளியிட்டுவிடலாகாது என்று அதே நூல் தெளிவாகக் கூறுகிறது. உடல் உண்ணாநோன்பு நோற்பதுபோல் செவியும் நாவும் நோற்கும் இந்த நோன்பே, விழா வரும்போது விழாவை விழாவாக்குகிறது.

இந்த நோன்பை நாம் கலைப்பது பெரும்பாலும் டிசம்பரில்தான். மாதம் பிறந்ததும் கேரல் குழுக்கள் தெருத்தெருவாகப் புறப்படுகின்றன. வீடுதோறும் குழந்தை இயேசு பிறந்துவிட்டார் என்று பாடப்படுகிறது. அந்த உற்சாகம் கோயிலுக்குள்ளும் பெருக்கெடுத்து, திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிற்றிலேயே தாலாட்டுப் பாடல்கள் வருகைப் பாடலாகவும் திருவிருந்துப் பாடலாகவும் ஏறிவிடுகின்றன. அன்று வாசிக்கப்படும் நற்செய்தியோ, பாலைவனத்தில் நின்று மனம் திரும்புங்கள் என்று முழங்கும் திருமுழுக்கு யோவானைப் பற்றியது. வாசக மேடையில் யோவான் வழியை ஆயத்தம் செய்யச் சொல்ல, பாடகர் மேடை தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்குமாயின், மக்கள் எதைக் கேட்பார்கள்? பாட்டையே கேட்பார்கள். மறையுரை மறந்துபோகும், வாசகம் மறந்துபோகும்; பாட்டு மட்டும் வீடு வரை உடன் வரும். பாட்டுக்கு இவ்வளவு வன்மை இருப்பதால்தான் அதைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் வேண்டுமென்கிறோம்.

திருவருகைக் காலத்துக்கென்று பாட ஒன்றுமில்லை என்று சிலர் கூறுவது உண்மையன்று. ஏசாயாவின் ஏக்கமும், யோவானின் எச்சரிக்கையும், கன்னிமரியின் கீழ்ப்படிதலும் அக்காலத்தின் மூன்று ஊற்றுகள். டிசம்பர் 16 வரை ஆண்டவரின் இரண்டாம் வருகையையும், 17 முதல் அவரது பிறப்பையும் நோக்கி மனத்தைத் திருப்பும்படி அக்காலத்துக்குள்ளேயே ஓர் ஏற்றம் அமைந்திருக்கிறது. டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு மாலைகளில், மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும், மீட்பரை ஞானமென்றும், ஆண்டவரென்றும், ஈசாயின் வேரென்றும், தாவீதின் திறவுகோலென்றும், விடியலென்றும், இனங்களின் அரசரென்றும், எம்மானுவேலென்றும் நாளுக்கொரு நாமத்தால் விளித்து வரும்படி வேண்டும் பழம்பெரும் விளிப்பாடல்கள் ஏழு உள்ளன. ஏறக்குறைய அதே நாட்களில்தான் நம் ஊரில் மார்கழி பிறந்து, உறங்குவோரைத் துயிலெழுப்பும் பாவைப் பாட்டுகள் கேட்கத் தொடங்குகின்றன. விடியலை எதிர்நோக்கி விழித்திருந்து பாடும் மரபை அண்டை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கன், தன் சமயத்தின் விழிப்புக் கீதங்களை அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

முன்கூட்டியே பாடித் தீர்த்தவர்களிடம் உரிய காலத்தில் பாட்டு மிஞ்சுவதில்லை. டிசம்பர் 25 நள்ளிரவுக்குப் பின் நம் கோயில்களில் பிறப்புப் பாடல்கள் அருகிப்போய், புத்தாண்டுக்குப் பின் அறவே நின்றுவிடுகின்றன. ஆனால் மகிழ்ச்சிக் காலம் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. 26ஆம் நாள் முதல் மறைச்சாட்சியாகிய ஸ்தேவானையும், 28ஆம் நாள் ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளையும் நினைவுகூர்கிறோம்; ஜனவரி முதல் நாள் மரியாவை இறைவனின் தாயாகக் கொண்டாடுகிறோம்; பின்னர் ஞானிகள் வருகிறார்கள். தொட்டிலின் அருகிலேயே இரத்தமும், ஏழை இடையருக்குப் பின்னே அந்நிய தேசத்து ஞானிகளும் நிற்கும் இந்தப் பெரிய சித்திரத்தைப் பாட்டால் வரைந்துகாட்ட, பண்டிகை நாளின் ஒற்றை ஆரவாரம் போதாது.

தவக்காலத்தைப் பொறுத்தவரை நம் மக்களைக் குறைகூற மனம் வரவில்லை. ஒப்பாரியும் புலம்பலும் நன்கறிந்த இத்தமிழ் மண்ணில், பாடுகளின் பாட்டுகள் உள்ளம் உருகப் பாடப்படுகின்றன. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து தமிழையும் சிங்களத்தையும் கற்றுத் தேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கம், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தலைமுறை தலைமுறையாகப் பெருமக்களை அழவைத்திருக்கிறது. வெள்ளிதோறும் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளிலும் மக்கள் பாடும் பாட்டில் பொய்யான சுரம் ஒன்றுகூட இல்லை.

ஆயினும் இங்கும் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். தவக்காலத்துக்குத் திருமுழுக்கின் நினைவு, மனமாற்றம் என இரண்டு நோக்கங்கள் உண்டு என்று 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் கூறுகிறது. முதல் ஞாயிறு பாலைவனச் சோதனையையும், இரண்டாம் ஞாயிறு உருமாற்றத்தையும் நற்செய்தியாகத் தருகின்றன. மூவாண்டு வாசகச் சுழற்சியின் மத்தேயு ஆண்டில் அடுத்த மூன்று ஞாயிறுகளும் சமாரியப் பெண்ணின் கிணற்றடியையும், பிறவிக் குருடன் பெற்ற பார்வையையும், லாசரின் கல்லறையையும் காட்டி, நீர், ஒளி, உயிர் என்னும் மூன்று அடையாளங்களால் திருமுழுக்குக்கு வழிநடத்துகின்றன. ஆணியும் முள்முடியும் பற்றிய பாடல்களை விபூதிப் புதனன்றே தொடங்கிவிட்டால், தாகத்தையும் இருளையும் பாட இடமின்றிப் போகிறது. குருத்து ஞாயிறு வரும்போது துக்கம் பழகிப்போய் அதன் கூர்மையும் மழுங்கிவிடுகிறது.

நமது பெருங்குறை பாஸ்கா காலத்தில் இருக்கிறது. நாற்பது நாள் அழத் தெரிந்த நமக்கு ஐம்பது நாள் மகிழத் தெரியவில்லை. 325இல் கூடிய நிசேயா சங்கம், ஞாயிறுகளிலும் பாஸ்கா முதல் தூய ஆவியார் பெருவிழாவாகிய பெந்தெகொஸ்தே வரையுள்ள நாட்களிலும் முழந்தாளிடாமல் நின்றுகொண்டே செபிக்கவேண்டும் என்று தனது இருபதாம் விதியில் கட்டளையிட்டது; உயிர்த்தவர்கள் நிற்கிறார்கள் என்ற தத்துவத்தை உடலே அறிக்கையிட்ட காலம் அது. அந்த ஐம்பது நாட்களிலும் அல்லேலூயா பாடும் வழக்கத்தைப் புனித அகுஸ்தீன் எடுத்துரைக்கிறார். இன்றைக்கும் உயிர்ப்பு ஞாயிறன்றும் தூய ஆவியார் பெருவிழாவன்றும் தொடர்பாடல் பாடுவது விருப்பத்துக்கு விடப்பட்டதன்று, கட்டாயம். நம் பங்குகளிலோ உயிர்ப்பு ஞாயிறு முடிந்த மறுவாரமே பாவத்தையும் கண்ணீரையும் பற்றிய பழகிய பாடல்கள் திரும்பிவிடுகின்றன. மே மாதம் பிறந்துவிட்டாலோ மாதாவின் வணக்கமாதம் பாஸ்காவை மறைத்துவிடுகிறது. மாதாவைப் பாடவேண்டாம் என்று எவரும் கூறார். பாஸ்கா காலத்தில் மாதாவைப் பாடும் முறையையும் திருச்சபையே வகுத்திருக்கிறது: ஆண்டின் நான்கு பகுதிகளுக்கும் தனித்தனியே அமைந்த மரியன்னைப் பாடல்களில் இக்காலத்துக்குரியது, மகன் உயிர்த்ததற்காக விண்ணக அரசியை அகமகிழ அழைப்பது. வியாகுல மாதாவை உயிர்ப்பின் மாதாவாகக் காண மக்களுக்குக் கற்பிக்க ஒரு பாட்டே போதும்.

முப்பத்துமூன்று அல்லது முப்பத்துநான்கு வாரங்களுக்கு நீளும் பொதுக்காலத்தில் எதைப் பாடினும் பொருந்தும் என்பது பரவலான எண்ணம். மத்தேயு, மாற்கு, லூக்கா என்று மூவாண்டுச் சுழற்சியில் நற்செய்தி தொடர்ச்சியாக வாசிக்கப்படுவது இக்காலத்தில்தான். விதைப்பவனின் உவமை வாசிக்கப்படும் நாளில் விதையையும், அப்பம் பலுகியது வாசிக்கப்படும் நாளில் பசியையும் பாடினால் வாசகம் இருமுறை விதைக்கப்பட்டதாகும். அதற்குப் பாடகர் குழுத் தலைவர் சனிக்கிழமைக்கு முன்பே அவ்வாசகத்தைப் படித்திருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இதற்கு எழும் ஆட்சேபங்களை நான் அறியாதவனல்லேன். மக்களுக்குப் பிடித்த பாட்டைப் பாடினால்தானே அவர்கள் வாய் திறந்து பாடுவார்கள் என்று கேட்கிறார்கள். மக்கள் பாடவேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. வத்திக்கான் சங்கம் அதையே வற்புறுத்தியது. ஆனால் பிடித்தம் என்பது பழக்கத்தின் குழந்தை. இன்று பிடித்திருக்கும் பாட்டும் ஒரு நாள் புதிதாயிருந்து, பலமுறை பாடப்பெற்றே பிடித்தமாயிற்று. மிலான் நகரக் கோயிலில் கீதங்களைக் கேட்டுக் கண்ணீர் விட்டதை நன்றியோடு எழுதிய அகுஸ்தீனே, பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமை தன்னை அதிகமாக ஈர்த்துவிடுகிறதோ என்று தம் ஒப்புதல்களில் அஞ்சவும் செய்தார். அத்தகைய ஞானிக்கு இருந்த அச்சத்தில் ஒரு துளியேனும் நமக்கும் இருத்தல் நலம்.

கேரல் பவனியை நிறுத்திவிட்டால் இளைஞர்கள் சோர்ந்துவிடுவார்கள், ஏழைகளுக்கென்று திரட்டப்படும் காணிக்கை குறைந்துவிடும் என்றும் சொல்லப்படுகிறது. அதை நிறுத்த வேண்டியதில்லை; பிறப்பு விழாவுக்கு நெருங்கிய நாட்களுக்கு ஒதுக்கலாம், அல்லது விழாவுக்குப் பிந்திய வாரத்தில் வீடுகளைச் சந்திக்கலாம். தெருவில் பாடுவது வேறு, திருப்பலியில் பாடுவது வேறு என்ற வேற்றுமையையாவது காக்கலாம். மக்களின் பக்தி முயற்சிகள் வழிபாட்டுக் காலங்களோடு இசைந்திருக்கவேண்டும் என்று வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் கேட்டுக்கொள்வதும் இத்தகைய இசைவையே.

செய்யத்தக்கவை அரியனவல்ல. ஒவ்வொரு பங்கும் நவம்பர் மாதத்திலேயே, பங்குக் குருவும் பாடகர் குழுவும் வாசகர்களும் ஒன்றுகூடி, ஆண்டுக்கான பாடல் அட்டவணை ஒன்றை எழுதிவிடலாம். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரே வருகைப் பாடலைத் தெரிந்தெடுத்து, அக்காலத்தின் ஞாயிறுகள் அனைத்திலும் அதையே பாடினால், மூன்றாம் வாரத்தில் குழந்தைகளும் மனப்பாடமாகப் பாடுவார்கள். அடுத்த ஆண்டு அப்பாட்டின் முதற்சுரம் கேட்டதும் காலம் மாறிவிட்டது என்பதை முதியோர் கண்ணை மூடிக்கொண்டே அறிவார்கள். பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக வேறெந்தத் தியானப் பாடலையும் பாடாமல், அன்றைய திருப்பாடலையே எளிய மெட்டில் பாடலாம். தவக்காலத்தில் மின்னணு விசைப்பலகையின் தாளப் பெட்டியை அணைத்துவைத்தால், பாஸ்கா இரவில் அது மீண்டும் முழங்கும்போது பொருளுடன் முழங்கும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. முன்யோசனையும் ஒற்றுமையுமே வேண்டும்.

இறுதியாக, பாட்டெழுதுவோரிடமும் மெட்டமைப்போரிடமும் ஒரு விண்ணப்பம். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் உதித்த மரபு இது. சங்கீதத்துக்குப் பெருமதிப்பு அளிக்கும் நாடுகளில் அந்நாட்டு இசை மரபுக்கு உரிய இடம் தரவேண்டும் என்று வத்திக்கான் சங்கம் கூறியிருப்பதும், பாடல்களின் சொற்கள் முதன்மையாகத் திருமறையிலிருந்தும் வழிபாட்டு நூல்களிலிருந்தும் எடுக்கப்படவேண்டும் என்று விதித்திருப்பதும் அவர்களுக்கு அழைப்பாகவே அமைந்துள்ளன. தாலாட்டும் புலம்பலும் நம்மிடம் ஏராளம். விழித்திருப்போரின் வைகறைப் பாட்டும், உயிர்த்தவரைக் கண்டு எம்மாவுஸ் பாதையில் திரும்பி ஓடுவோரின் பாட்டும், நாள்தோறும் உழைத்து உண்ணும் பொதுக்காலத்துச் சீடரின் பாட்டும் நமக்கு இன்னும் வேண்டியிருக்கின்றன. பூபாளமும் நீலாம்பரியும் முகாரியும் தத்தம் இடமறிந்து நிற்கும் நம் இசையில் இவற்றுக்கு ராகம் தேடி அலையவேண்டியதில்லை.

பெரும்பாலான மக்கள் இறையியல் நூல்களைப் படித்துத் தங்கள் விசுவாசத்தை அறிந்துகொள்வதில்லை. ஆண்டுக்காண்டு திரும்பி வரும் பாட்டுகளின் வழியாகவே அதை அறிகிறார்கள். எதிர்பார்க்கவும், மனம் வருந்தவும், வருந்தியபின் முழுமையாக மகிழவும் ஓர் ஆண்டு முழுவதும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியப் பணி பாடகர் குழுவின் கையில் இருக்கிறது. அப்பணியின் கண்ணியத்தை உணர்ந்து, வருகின்ற திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றிலேனும், அந்நாளுக்குரிய பாட்டை அந்நாளில் பாடி நாம் தொடங்குவோமாக.